ஓபோன், உராபோன், யூலான்பென்: ஒரு பௌத்தச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் நடுவில் ஜப்பானில் பல அலுவலகங்கள் ஒரு வாரம் இழுத்து மூடப்படுகின்றன. ஏறத்தாழ அதே பருவத்தில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீனக் குடும்பங்கள் ஆவிகளுக்கென்று செய்த காகிதப் பணத்தைத் தெருவோரத்தில் எரிக்கின்றன. முதலாவது ஓபோன் என்ற முன்னோர் விழாவுக்காக. இரண்டாவதைப் பசித்த ஆவிகளின் திருவிழா என்கிறார்கள். இரண்டுக்கும் பின்னால் பௌத்த நூல் ஒன்றில் வரும் ஒரே சீனச் சொல் நிற்கிறது. அதன் பொருள் என்ன என்பதில் பதின்மூன்று நூற்றாண்டுகளாக வழக்கு நடக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு அந்த வழக்கில் எதிர்பாராத சில சாட்சிகள் கையில் இருக்கின்றன.

அந்தச் சொல் எது? எப்படி உச்சரிப்பது?

மூன்று சீன எழுத்துகளால் ஆன சொல். இன்றைய வடசீன உச்சரிப்பில் யூலான்பென். ஜப்பானியர் அதே மூன்று எழுத்துகளை உராபோன் என்று படிக்கிறார்கள். அந்நாளின் சடங்குக்கு உராபோன்-ஏ என்று பெயர். பேச்சில் முன்பகுதி உதிர்ந்து ‘போன்’ மட்டும் மிஞ்சியது. அதற்கு முன் மரியாதை ஒட்டான ‘ஓ’ சேர்ந்து ‘ஓபோன்’ ஆனது. கொரியாவில் உரான்புன், வியட்நாமில் வூலான். நான்கு நாடுகளிலும் எழுத்து ஒன்றுதான், வாய்தான் வேறு.

எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்த்தால் பொருள் கிடைக்காதா?

கிடைக்கும், ஆனால் பயனில்லை. முதல் எழுத்து ஒரு வகைக் கிண்ணம், இரண்டாவது ஆர்க்கிட் மலர், மூன்றாவது அகன்ற பாத்திரம். சேர்த்தால் ‘கிண்ண ஆர்க்கிட் பாத்திரம்’ என்று வரும். அது யாருக்கும் உதவாது. சீனத்துக்குப் போன இந்தியச் சொற்கள் பலவற்றை மொழிபெயர்ப்பாளர்கள் ஒலிக்காக மட்டுமே எழுதினார்கள். ஆகவே முதல் இரண்டு எழுத்துகள் ஏதோ ஓர் அயல்மொழிச் சொல்லின் ஒலி என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். மூன்றாவது எழுத்தும் ஒலிதானா, அல்லது ‘பாத்திரம்’ என்ற அசல் சீனப் பொருளில் நிற்கிறதா? வழக்கின் முடிச்சு அங்கேதான்.

இந்தச் சொல் முதலில் எந்த நூலில் வருகிறது?

யூலான்பென் சூத்திரம் என்ற மிகச் சிறிய நூலில். சீனத்தில் எண்ணூறு எழுத்துகள் அளவுதான். ஒரு மூச்சில் படித்துவிடலாம். கதை இது:

புத்தரின் தலையாய சீடர்களில் ஒருவரான மௌத்கல்யாயனர் (பாலியில் மொக்கல்லானர், சீனத்தில் மூலியன், ஜப்பானில் மொக்குரென்) சித்திகள் கைகூடியதும் முதலில் தம்மைப் பெற்றவர்களைத் தேடுகிறார். தாய் பசித்த ஆவிகளின் உலகில், எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். தம் பிச்சைப் பாத்திரத்தில் சோறு நிறைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவள் இடக்கையால் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு வலக்கையால் அள்ளுகிறாள். வாய்க்குப் போகுமுன் சோறு நெருப்புக் கங்காகிவிடுகிறது.

அந்த இடக்கையைக் கவனிக்க வேண்டும். அங்கே பறிக்க வேறு ஆவிகள் இருந்ததாக நூல் சொல்லவில்லை. பிறருக்குக் கொடுக்காத பழக்கம் செத்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை என்பதை ஆசிரியர் விளக்காமல் காட்டிவிடுகிறார். இத்தனை சிறிய நூலில் இப்படி ஒரு வரி எழுதியவர் சாமானியரல்லர்.

மகன் அழுதுகொண்டு புத்தரிடம் ஓடுகிறார். “உன் ஒருவன் ஆற்றலால் முடியாது, பத்துத் திசைத் துறவிகளின் கூட்டு ஆற்றல் வேண்டும்” என்ற பொருளில் புத்தர் சொல்கிறார். ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள், மழைக்கால உறைவை முடிக்கும் துறவிகளின் சங்கத்தாருக்குப் பல சுவை உணவும் ஐவகைப் பழங்களும் பாத்திரத்தில் வைத்துப் படைத்தால், இன்றைய பெற்றோரும் ஏழு தலைமுறைப் பெற்றோரும் துன்பத்திலிருந்து விடுபடுவார்கள் என்கிறார். அவ்வாறே செய்ய, தாய் அன்றே விடுபடுகிறாள்.

நூல் இந்தியாவில் எழுதப்பட்டதா?

வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங்கில் பிறந்து 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொழிபெயர்த்த தர்மரட்சரின் பெயரில் இந்நூல் வழங்குகிறது. ஆனால் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்யோ என்ற துறவி தொகுத்த நூற்பட்டியலில், மொழிபெயர்த்தவர் பெயர் தெரியாத நூல்களோடு இது இருக்கிறது. சமஸ்கிருத மூலமோ பாலி மூலமோ கிடைக்கவில்லை. பெற்றோர் கடனை இவ்வளவு அழுத்திச் சொல்வதால் சீனத்திலேயே எழுதப்பட்டது என்று பலர் முடிவுகட்டினார்கள்.

எனக்கு அந்தக் காரணம் வலுவாகப் படவில்லை. பெற்ற கடன் என்பது சீனர்களுக்கு மட்டும் சொந்தமானதா என்ன? பாலி நூலான பேதவத்துவில், பசித்த ஆவியாகிவிட்ட ஒரு பெண் புத்தரின் இன்னொரு சீடரான சாரிபுத்தரிடம் வந்து, முற்பிறவி ஒன்றில் தான் அவருக்குத் தாயாக இருந்ததைச் சொல்லி உதவி கேட்கும் கதை இருக்கிறது. சங்கத்துக்குக் கொடுத்த தானத்தின் பயன் அவளைச் சேர்கிறது. கதையின் எலும்புக்கூடு இந்தியாவில் இருந்தது. சதை எங்கே வளர்ந்தது என்பதே கேள்வி.

“தலைகீழாகத் தொங்குதல்” என்பதுதான் பொருள் என்று அகராதிகள் சொல்கின்றனவே?

பெரும்பாலான அகராதிகளும் கோவில் துண்டறிக்கைகளும் அப்படித்தான் சொல்கின்றன. ‘உல்லம்பன’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது, அது ‘அவலம்பன’ என்பதன் வேறு வடிவம், தொங்குதல் என்று பொருள் என்பார்கள். லம்ப் என்ற வேர் நமக்குப் பழக்கமானது. தொங்கும் வயிறுடைய பிள்ளையார் லம்போதரர். ஆனால் அவலம்பனம் என்றால் பெரும்பாலும் பற்றுக்கோடு, ஊன்றுகோல். கராவலம்பம் என்ற துதிகளில் பக்தர் கேட்பது கைகொடுக்கும்படி. தலைகீழாகத் தொங்கவிடும்படி அல்ல. ‘தலைகீழாக’ என்பது அந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவான்யிங் என்ற துறவி பௌத்த நூல்களின் அருஞ்சொற்களுக்கு ஓர் உரைநூல் எழுதினார். யூலான்பென் என்பது பிழையான வடிவம், சரியான ஒலி வூலான்போனா, பொருள் தலைகீழாகத் தொங்குதல் என்று எழுதியவர் அவர்தான். கூடவே ஒரு குறிப்பும் தருகிறார்: பாவம் செய்து இறந்தவருக்கு வாரிசும் அற்றுப்போய், படையல் வைக்க ஆளில்லாவிட்டால், அவர் ஆவி உலகில் தலைகீழாகத் தொங்குவார் என்று பௌத்தரல்லாதார் நூல்கள் கூறுகின்றன என்கிறார்.

மகாபாரதம் படித்தவர்களுக்கு இந்த இடம் உடனே விளங்கும். ஜரத்காரு முனிவர் திருமணம் செய்யாமல் திரிகையில், ஒரு குழியில் புல்லின் வேரைப் பற்றித் தலைகீழாகத் தொங்கும் தம் முன்னோரைக் காண்கிறார்; வேரை எலி கொறித்துக்கொண்டிருக்கிறது. அகத்தியருக்கும் இதே காட்சி வாய்க்கிறது. அதனால்தான் அவர் லோபாமுத்திரையை மணக்கிறார். சுவான்யிங்கின் காதுக்கு இப்படிப்பட்ட இந்தியக் கதை எட்டியிருக்கிறது. ஆகவே அவர் விளக்கம் வெறும் கற்பனை அல்ல. ஒரு சொல்லுக்கு வேறொரு கதையின் பொருளை ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். சூத்திரத்தில் தாய் தொங்கவில்லை, பசியால் வாடுகிறாள்.

பிறகு ஏன் அந்த விளக்கம் நிலைத்தது?

பிரசங்கத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது. தலைகீழாகத் தொங்கவிடப்பட்டவனை அவிழ்த்துவிடுதல் என்பது கன்பூசிய அறிஞர் மென்சியஸ் காலத்திலிருந்தே சீனர்களுக்குத் தெரிந்த உவமை. கொடுங்கோன்மையிலிருந்து மீண்ட மக்களின் மகிழ்ச்சியைச் சொல்ல அவர் அதைப் பயன்படுத்தினார். படித்த சீனருக்கு இந்த விளக்கத்தில் அந்நிய வாடையே அடிக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் பெரும் அறிஞரான சோங்மி (780–841) இந்தச் சூத்திரத்துக்கு உரை எழுதியபோது, ‘தொங்குபவரை மீட்கும் பாத்திரம்’ என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். சோங்மி இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். உரையில் அந்த வலி தெரியும். அவர் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச ஆளில்லை.

ஈரானியச் சொல் என்றும் படித்தேனே?

20ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய அறிஞர் இவாமோட்டோ யுத்தாகா முன்வைத்த கருத்து அது. பழைய ஈரானிய மொழியில் ‘உர்வன்’ என்றால் ஆன்மா. பட்டுப் பாதையில் வணிகம் செய்த சோக்தியர்கள் ஈரானிய மொழி பேசியவர்கள். அவர்கள் வழியாக இறந்தோர் வழிபாடும் சொல்லும் சீனத்துக்கு வந்திருக்கலாம் என்றார். ஒலி ஓரளவு பொருந்துகிறது. ஆனால் சூத்திரத்தில் அந்தச் சொல் நிற்கும் இடத்தில் ‘ஆன்மா’ என்று போட்டுப் பாருங்கள்: ‘பல சுவை உணவை ஆன்மாவில் வைத்து’ என்றாகிறது. இந்தக் கருத்துக்கு இன்று ஆதரவு குறைவு.

சோற்றுக் கிண்ணம் என்ற புது விளக்கம் என்ன?

கராஷிமா செய்ஷி (1957–2019) என்ற மொழியியல் அறிஞர் 2013இல் வெளியிட்டது. பழைய சீன மொழிபெயர்ப்புகளை எழுத்தெழுத்தாகப் பிராகிருதம் என்ற பழைய இந்தியப் பேச்சுமொழிகளோடு ஒப்பிட்டே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: நூல் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறது? ‘பல சுவை உணவை யூலான்பென்னில் வைத்து’ என்று சூத்திரமே சொல்கிறது. உணவு வைக்கும் பொருள் பாத்திரமாகத்தானே இருக்க முடியும்? எனவே ‘பென்’ என்பது சாதாரண சீனச் சொல். மிச்சமிருக்கும் ‘யூலான்’ அந்தப் பாத்திரத்தில் இருப்பதன் பெயர். அது ‘ஓதன’ என்ற சொல்லின் பேச்சு வடிவமான ‘ஓலன’ என்றார். ஓதனம் என்றால் சோறு.

‘த’ ஒலி ‘ல’ சாயலுக்கு மாறுவது பிராகிருதங்களில் அரிதல்ல. கருவுற்றவளின் மசக்கை ஆசையைச் சமஸ்கிருதம் ‘தோஹத’ என்கிறது, பாலி ‘தோஹள’ என்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு ஓதனத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெருமாள் கோவிலில் கையில் விழும் தயிர்சாதம் ததியோதனம்: ததி தயிர், ஓதனம் சோறு. புத்தரின் தந்தை சுத்தோதனரின் பெயரிலும் அதே சோறுதான் இருக்கிறது. ஓபோன் என்ற பெயருக்குள் ததியோதனத்தின் பின்பாதி ஒளிந்திருக்கிறது என்றால், மடப்பள்ளிக்காரர்கள் சிரிப்பார்கள்; ஆனால் இந்தக் கருத்துப்படி உண்மை அதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. ‘உணவு வைக்கும் பாத்திரம் என்று முன்பு சொன்னது தவறு’ என்று சுவான்யிங் தம் உரையில் மறுத்து எழுதியிருக்கிறார். அதாவது அவருக்கு முந்தியவர்கள் பாத்திரம் என்றே புரிந்துவைத்திருந்தார்கள். திருத்துகிறேன் என்று அவர் போட்ட கோடுதான் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அகராதிகளில் ஓடியது.

எதை ஏற்பது?

சோற்றுக் கிண்ணத்தை. எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். பழைய விளக்கத்தைத் தாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் மற்ற இரண்டும் அகராதியிலிருந்து நூலுக்கு வருகின்றன. இது நூலிலிருந்து அகராதிக்குப் போகிறது. கதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சோற்றைப் பற்றியது. மகன் கொடுத்த சோறு கங்காகிறது. சங்கத்துக்குக் கொடுத்த சோறு தாயைச் சேர்கிறது. ஜப்பானிய அரசவைக் குறிப்பு ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது: 733இல் உராபோன் படையலைத் தயாரிக்கும் பொறுப்பு அரண்மனைச் சமையல் துறையிடம்தான் ஒப்படைக்கப்பட்டது.

ஏன் ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள்?

துறவிகளின் நாட்காட்டியால். மழைக்கால மூன்று மாதம் துறவிகள் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும். கடைசி நாளில் கூடி, ‘என்னிடம் குறை கண்டிருந்தால் சொல்லுங்கள்’ என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்பார்கள். அதற்குப் பவாரணை என்று பெயர். சீனாவில் இந்த உறைவு நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதப் பௌர்ணமி வரை. மூன்று மாதத் தவத்தின் முடிவில் சங்கத்தின் புண்ணியம் உச்சத்தில் இருக்கும், அன்று கொடுத்த தானத்துக்குப் பலன் அதிகம் என்பது கணக்கு.

அப்படியானால் சீனர்களின் ‘ஆவி மாதம்’ பௌத்தமா?

பாதிதான். அதே நாள் தாவோ சமயத்தாருக்கு ஜோங்யுவான். மண்ணுலக அதிகாரி உயிர்களின் கணக்கைப் பார்த்துப் பாவம் மன்னிக்கும் நாள். இரு சமயங்களும் ஒரே நாளில் கடை விரித்ததால் போட்டி இருந்தது. பௌத்தத்தை ஒடுக்கிய வூசோங் பேரரசர் 844இல், தலைநகர் சாங்கானின் பௌத்தக் கோவில்களில் படைத்த பூக்களையும் மருந்துகளையும் எடுத்துத் தாவோ கோவிலில் வைக்கச் சொன்னார். ஊரார் ஆவிகளின் சோற்றைப் பிடுங்குகிறார் என்று திட்டினார்கள். அப்போது அங்கிருந்த ஜப்பானியத் துறவி என்னின் இதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

மூன்றாவதாக ஒரு சடங்கும் வந்து சேர்ந்தது. புத்தரின் சீடர் ஆனந்தர் முன் வாயில் தீ எரியும் ஆவி ஒன்று தோன்றி, மூன்று நாளில் நீ இறந்து என்னைப் போலாவாய் என்று மிரட்டும் கதை; அதற்குப் பரிகாரம் எல்லா ஆவிகளுக்கும் உணவளித்தல். இக்கதை வரும் நூலின் புகழ்பெற்ற மொழிபெயர்ப்பு அமோகவஜ்ரருடையது (705–774). அவருடைய ஆசான் வஜ்ரபோதி தென்னிந்தியர், காஞ்சியோடு தொடர்புடையவர். ஆசான் மறைந்தபின் அமோகவஜ்ரர் இலங்கைக்குப் போய் நூல்கள் சேகரித்துத் திரும்பினார். சொந்த முன்னோருக்கு யூலான்பென், கேட்பாரற்ற ஆவிகளுக்கு இந்தச் சடங்கு என்று தொடக்கத்தில் வேறு வேறு. காலப்போக்கில் இரண்டும் கலந்து, ஊரின் அநாதை ஆவிகளுக்கெல்லாம் சோறு போடும் திருவிழா ஆகிவிட்டது.

மூலியன் கதை நாடகமாகவும் நடந்ததாமே?

நாடகம்தான் கதையை வளர்த்தது. துன்ஹுவாங் குகையில் கிடைத்த சுவடிகளில் இதன் விரிவான கதைப்பாடல் வடிவம் உண்டு. ஒரு படியில் 921ஆம் ஆண்டு குறித்திருக்கிறது. அதில் துறவியாகுமுன் நாயகனின் பெயர் லுவோபோ, அதாவது முள்ளங்கி. தாய் சிங்டி. மகன் வாணிபத்துக்குப் போயிருக்கையில், துறவிகளுக்குச் சோறு போடக் கொடுத்த பணத்தை ஒளித்துவைத்தது அவள் குற்றம். மகன் நரகம் நரகமாக இறங்கி, அவீசி நரகத்தில் நாற்பத்தொன்பது ஆணிகளால் அறையப்பட்டுக் கிடக்கும் தாயைக் காண்கிறார். அங்கிருந்து மீண்டு அவள் பசித்த ஆவியாகி, பிறகு ராஜகிருகத்தில் கறுப்பு நாயாகி, அதன்பிறகே கரையேறுகிறாள். சூத்திரத்தில் ஒரே நாளில் முடிந்தது இங்கே நீண்டுகொண்டே போகிறது. கூட்டம் உட்கார்ந்து கேட்டால் கதைசொல்லி ஏன் சீக்கிரம் முடிப்பான்? வட சோங் காலத் தலைநகர் கைஃபெங்கில் ஏழாம் மாதம் ஏழாம் நாள் இரவு கழிந்ததும் தொடங்கி, பதினைந்து வரை இந்த நாடகம் ஆடினார்கள்.

ஜப்பானுக்கு எப்போது வந்தது?

606 முதல் கோவில்களில் நான்காம் மாதம் எட்டாம் நாளும் ஏழாம் மாதம் பதினைந்தாம் நாளும் விருந்து நடத்த ஆணையிட்டதாக நிஹோன் ஷோக்கி என்ற வரலாற்று நூல் சொல்கிறது. உராபோன் என்ற பெயரோடு முதல் சடங்கு 657இல், சைமெய் பேரரசி காலத்தில், அசுகா கோவிலின் மேற்கே மேரு மலையின் உருவம் அமைத்து நடந்தது. 659இல் தலைநகரக் கோவில்களில் இந்தச் சூத்திரத்தை விளக்கிச் சொல்லி, ஏழு தலைமுறைப் பெற்றோருக்கு நன்றிக்கடன் செலுத்த ஆணை வந்தது.

போன் என்றால் ஜப்பானில் தட்டும்தானே? போன்சாயில் வருவதும் இதுவா?

ஆம், மூன்றும் ஒரே எழுத்து. தேநீர்க் கோப்பை வைத்து எடுத்துவரும் தட்டும் ஓபோன்தான். போன்சாய் என்றால் தொட்டியில் நட்டது. சீனத்தில் ‘பென்’ என்பது தொட்டி, தாம்பாளம், அகன்ற பாத்திரம்.

ஜப்பானில் நாட்டார் வழக்காற்றியலைத் தொடங்கிவைத்த யானகிட்டா குனியோ (1875–1962) இதிலிருந்து வேறொரு பாதையில் போனார். ஜப்பானியத் திருவிழாவின் பெயர் சூத்திரத்திலிருந்து வரவில்லை. முன்னோருக்கு உணவு வைத்த பாத்திரத்தின் உள்ளூர்ப் பெயரிலிருந்து வந்தது, பௌத்தம் வருமுன்பே இந்த வழிபாடு இருந்தது என்றார். எல்லாவற்றையும் ஜப்பானிய வேருக்கு இழுப்பது அவர் வழக்கம் என்பதால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவரும் கடைசியில் சோற்றுப் பாத்திரத்தில்தான் வந்து நின்றார்.

சில ஊர்களில் ஜூலை, சில ஊர்களில் ஆகஸ்ட். ஏன்?

1873இல் ஜப்பான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. ‘ஏழாம் மாதம்’ என்பதை அப்படியே ஜூலை என்று வைத்துக்கொண்டது டோக்கியோ. வயல் வேலை மும்முரமாக இருந்த நாட்டுப்புறங்கள் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் என்றன. இன்று நாட்டின் பெரும்பகுதி ஆகஸ்ட் 13–16தான். ஒகினாவா பழைய சந்திர நாட்காட்டியை விடவில்லை. இத்தனைக்கும் ஓபோன் அரசு விடுமுறை அல்ல. ஆனால் நிறுவனங்கள் தாங்களாகவே விடுமுறை விட்டுவிடுகின்றன.

வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சிக் கால் வைக்கிறார்களே?

வெள்ளரிக்காய் குதிரை, கத்தரிக்காய் மாடு. முன்னோர் குதிரையில் விரைந்து வர வேண்டும், போகும்போது மாட்டில் மெதுவாகப் போக வேண்டும். 13ஆம் நாள் வரவேற்பு நெருப்பு, 16ஆம் நாள் வழியனுப்பு நெருப்பு. இவற்றில் எதுவும் சூத்திரத்தில் இல்லை. சூத்திரத்தில் முன்னோர் வீட்டுக்கே வருவதில்லை.

எல்லா ஜப்பானிய பௌத்தர்களும் முன்னோர் வருவதாக நம்புகிறார்களா?

இல்லை. மிகப் பெரிய பிரிவுகளில் ஒன்றான ஜோதோ ஷின்ஷூவின்படி, அமிதாப புத்தரை நம்பியவர் இறந்தவுடன் அவருடைய தூய நிலத்தில் பிறந்து புத்தராகிவிடுகிறார்; பசித்துக்கொண்டு வீடு தேடி வரவேண்டிய அவசியம் அவருக்கில்லை. அவர்கள் இந்நாளை மகிழ்ச்சிக் கூட்டம் என்ற பொருளில் காங்கி-ஏ என்கிறார்கள். வரவேற்பு நெருப்பும் காய்க் குதிரையும் அவர்கள் நெறியில் இல்லை.

பசித்த ஆவி என்பது நம் ‘பிரேதம்’தானா?

அதேதான். சமஸ்கிருத ‘பிரேத’ சீனத்தில் ‘பசித்த ஆவி’ என்று பொருள்படும் எகுய் ஆனது, ஜப்பானில் காக்கி. தமிழில் பிரேதம் உடலாகச் சுருங்கி, பிரேதப் பரிசோதனையில் வந்து நிற்கிறது. ஜப்பானில் காக்கி என்றால் இன்று அடங்காத சிறுவன். எப்போதும் ‘பசிக்கிறது’ என்று நச்சரிப்பவன் யார் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

மகாளய அமாவாசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. முன்னோருக்கு உணவளிக்கும் எண்ணம் பொதுவானது, அமைப்பு வேறு. நம் தர்ப்பணம் அமாவாசையில், மூன்று தலைமுறையின் பெயர் சொல்லி, மகன் கையால் நேரே முன்னோருக்குப் போகிறது. யூலான்பென் பௌர்ணமியில், ஏழு தலைமுறைக்கு, துறவிகளின் வழியாகப் போகிறது. மகனால் நேரே ஊட்ட முடியாது என்பதுதான் சூத்திரத்தின் மையக்கருத்தே. சோறு கங்கானது அதைக் காட்டத்தான். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று இணையத்தில் உலவும் பதிவுகளை நம்ப வேண்டாம்.

வியட்நாமில் ரோஜா குத்திக்கொள்வதும் இந்த நாளிலா?

ஆம், வூலான் அன்று. தாய் உயிரோடிருந்தால் சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை. பழங்காலச் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். 1962இல் துறவி திக் நாட் ஹான் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது.

சிங்கப்பூரில் ஏழாம் மாத மேடைக் கச்சேரியில் முதல் வரிசை காலியாக இருக்கிறது. உட்காரலாமா?

கூடாது. கெத்தாய் என்ற அந்தக் கச்சேரிகளில் முதல் வரிசை ஆவிகளுக்கானது. இரண்டாம் வரிசையிலிருந்து யார் வேண்டுமானாலும் உட்காரலாம், டிக்கெட் கிடையாது. நடைபாதையில் வைத்திருக்கும் படையலை மிதிக்காமல் சுற்றிப்போவதும், எரியும் காகிதத்தை உதைக்காமல் நடப்பதும் போதும். வேறு விதிகள் இல்லை.

ஆகஸ்டில் ஜப்பான் போனால் எதைப் பார்க்கலாம்?

தோக்குஷிமா நகரில் 12 முதல் 15 வரை ஆவா ஓதோரி நடனம். கியோட்டோவில் 16ஆம் தேதி இரவு எட்டு மணி முதல் ஐந்து மலைகளில் அடுத்தடுத்து ஏற்றும் வழியனுப்பு நெருப்பு. அவற்றில் ‘பெரிய’ என்று பொருள்படும் எழுத்து இரண்டு மலைகளில் எரியும். சிற்றூர்களில் கோவில் முற்றத்தில் நடக்கும் போன் ஓதோரி நடன வட்டத்தில் வெளியூர்க்காரர்களும் சேர்ந்து ஆடலாம். முன்னால் ஆடுபவரின் கையைப் பார்த்துக்கொண்டால் போதும். ஷின்கான்சென் அதிவேக ரயில் டிக்கெட் ஒரு மாதம் முன்பே விற்பனைக்கு வரும், இந்த வாரத்துக்கானவை மிக விரைவில் தீர்ந்துவிடும். குடும்பக் கடைகள், சிறு உணவகங்கள் பல மூடியிருக்கும். டோக்கியோவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் 13ஆம் தேதியை ஒட்டிக் கிளம்பி 16ஆம் தேதியை ஒட்டித் திரும்புவார்கள். எதிர்த்திசையில் பயணம் செய்தால் இருக்கை எளிதாகக் கிடைக்கும்.